டவர் ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன் அறையை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் நல்ல ஸ்டீரியோ அமைத்துப் பாட்டுக் கேட்பது பற்றி உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேறு ஏதோ வேலை பார்த்துக்கொண்டே பாட்டையும் ஓடவிடுவது பழக்கமாகிவிட்ட காலத்தில், இரண்டு ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்து பாட்டை மட்டும் கேட்பதைப் பற்றி ஒரு நாளிதழ் முழுப் பக்கம் ஒதுக்கியது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் கட்டுரை சொன்ன சில விஷயங்களை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. வாட்ஸ் கூடினால் தரம் கூடும் என்றது. ஸ்பீக்கரின் உயரமும், தாழ்ந்த ஒலியை எழுப்பும் வூஃபர்களின் எண்ணிக்கையும் கூடக் கூட நல்லது என்றது. கடையில் அரை மணி நேரம் கேட்டால் முடிவு செய்துவிடலாம் என்றும் முடித்திருந்தது. இதை நம்பி ஒருவர் விலை உயர்ந்த டவர் ஸ்பீக்கர், அதாவது தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர், ஒரு ஜோடி வாங்கினால் அவருக்குப் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. அதைத் தடுக்க முடியுமானால் தடுக்க வேண்டும் என்றுதான் இந்த நீண்ட கடிதம்.

நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் பாட, இந்தப் பக்கம் ஸ்பீக்கரில் அவர் குரலைக் கேட்டுக் கேட்டே என் பணிக்காலம் போனது. கதவைத் திறந்து உள்ளே போனால் நிஜக் குரல், வெளியே வந்தால் ஸ்பீக்கர் வழியாக அதே குரல். இரண்டையும் மாறி மாறிக் கேட்கிற வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. இப்போது எந்த ஸ்பீக்கர் வாங்கலாம், அதை எங்கே வைக்கலாம் என்று உறவினர்களும் நண்பர்களும் கூப்பிடுகிறார்கள். போகும்போது நான் முதலில் எடுத்துக்கொள்வது அளவு டேப். உங்கள் கட்டுரையில் அறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என் முதல் குறை.

காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் போகிறது. எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே சில குறிப்பிட்ட அதிர்வெண்களில் ஒலி போய்த் திரும்பி, தன்னோடு தானே சேர்ந்து பெருகும். அவற்றில் மிகத் தாழ்ந்ததைக் கண்டுபிடிக்கப் பெரிய கணக்கு வேண்டாம். 343ஐ அறை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் வந்துவிடும். 5 மீட்டர் நீளமுள்ள அறைக்கு அது சுமார் 34 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 34 அதிர்வு. அகலம் மூன்றரை மீட்டர் என்றால் 49. உயரம் 3 மீட்டர் என்றால் 57. இவற்றின் மடங்குகளிலும் இதே கூத்து நடக்கும். பேஸ் கிடாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, பியானோவின் இடது கோடிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸில். அதாவது பாட்டின் அஸ்திவாரமான பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி முழுவதும், அறை தன் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்குகிற பகுதியில்தான் இருக்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கராக இருந்தாலும் அந்தப் பகுதியில் அறையின் பேச்சுதான் எடுபடும்.

என் அண்ணன் மகன் வீட்டில் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். படுக்கையறை அளவுக்கான ஓர் அறையில், பக்கத்துக்கு மூன்று வூஃபர் உள்ள டவர் ஸ்பீக்கர்களை வைத்திருந்தான். நாற்காலி பின்சுவரை ஒட்டிக் கிடந்தது. டபுள் பேஸ் வாசிப்பு ஒன்றைப் போட்டான். ஏறி இறங்கி நடந்து போக வேண்டிய சுரங்களில் ஒன்று மட்டும் திடீரென்று வீங்கி அறையை நிறைத்தது, அடுத்த சுரம் இருக்கிற இடம் தெரியவில்லை. ஆம்ப்ளிஃபையரில்தான் கோளாறு என்று நினைத்து அதை மாற்றவும் தயாராக இருந்தான். "அதே பாட்டை ஓடவிட்டு, சுவரிலிருந்து மெதுவாக முன்னால் நடந்து வா" என்றேன். நாலடி வருவதற்குள் அந்த வீக்கம் வடிந்தது. அறையின் நடுவுக்கு வந்தபோது பேஸே காணாமல் போனது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டோம். பேஸைக் கூட்டுவதற்காக ஸ்பீக்கரின் பின்பக்கம் விட்டிருக்கும் துளையில், பெட்டியோடு வந்திருந்த நுரைப்பஞ்சு அடைப்பைச் செருகினோம். நன்றாகத் தெளிந்தது. ஆனாலும் அந்த அறைக்கு அந்த ஸ்பீக்கர் அதிகப்படிதான். மூன்று வூஃபர் கிளப்புகிற பேஸை வைத்துக்கொள்ள அங்கே இடமில்லை.

அறை இன்னொரு வேலையும் செய்யும். வூஃபரிலிருந்து பின்னால் போகிற தாழ்ந்த ஒலி, ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவரில் பட்டுத் திரும்பி வந்து, முன்னால் போகிற ஒலியை ஓர் இடத்தில் அழித்துவிடும். வூஃபருக்கும் சுவருக்கும் 1 மீட்டர் இடைவெளி இருந்தால் ஏறக்குறைய 86 ஹெர்ட்ஸில் பள்ளம் விழும். 60 சென்டிமீட்டர் என்றால் 143 ஹெர்ட்ஸில். ஆண் குரலின் கனம் இருக்கும் இடம் அது. "இந்த ஸ்பீக்கரில் குரல் மெலிவாக இருக்கிறது" என்று திருப்பிக் கொடுக்கப்பட்ட எத்தனையோ ஸ்பீக்கர்களை ஒரு சாண் நகர்த்தியிருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அப்புறம் எதிரொலி. ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த வாலஸ் சபைன், 1895இல் ஒரு விரிவுரை அரங்கில் பேச்சு ஏன் புரியவில்லை என்று ஆராய ஆரம்பித்தார். பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் சுமந்து வந்து ஒவ்வொன்றாக அடுக்கி, ஒலி அடங்க எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்தார். மெத்தை கூடக் கூட ஒலி சீக்கிரம் அடங்கியது. அறையின் கன அளவும், ஒலியை உறிஞ்சும் பரப்பும்தான் அந்த நேரத்தைத் தீர்மானிக்கின்றன என்ற அவருடைய சூத்திரத்தை இன்றும் பயன்படுத்துகிறார்கள். வழவழப்பான தரை, பெரிய கண்ணாடி ஜன்னல், வெறும் சுவர் என்று இருக்கும் கூடத்தில், உச்ச ஒலியை எழுப்பும் ட்வீட்டர் எதுவானாலும் காதைக் குத்தும். மக்கள் ட்வீட்டரைத் திட்டுகிறார்கள். தரையில் ஒரு கனமான விரிப்பு, ஜன்னலுக்குத் தடித்த திரை, பின்னால் புத்தகங்கள் நிறைந்த ஓர் அலமாரி, இவை இருந்தால் அதே ட்வீட்டர் சாந்தமாகிவிடும். ஆனால் திரையும் விரிப்பும் பேஸைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. அதற்கு இடமாற்றம்தான் வழி, அல்லது மூலைகளில் வைக்கிற மொத்தமான உறிஞ்சிகள்.

இப்போது டவர் ஸ்பீக்கருக்கு வருகிறேன். அதை ஏன் அவ்வளவு உயரமாகச் செய்கிறார்கள்? ஸ்பீக்கர் வடிவமைப்பில் ஹாஃப்மன் என்பவர் பெயரில் ஒரு பழைய விதி உண்டு. ஆழமான பேஸ், சிறிய பெட்டி, கொஞ்சம் மின்சாரத்தில் நிறைய ஒலி: இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். டவர் ஸ்பீக்கர் பெட்டியின் அளவை விட்டுக்கொடுத்து மற்ற இரண்டையும் வாங்கிக்கொள்கிறது. ஸ்டாண்டில் ஏற்றிய சிறிய ஸ்பீக்கர் தரையில் எவ்வளவு இடம் பிடிக்குமோ ஏறக்குறைய அவ்வளவே பிடித்துக்கொண்டு, கீழே வெறுமனே போகிற இடத்தையும் பெட்டியாக மாற்றிக்கொள்கிறது. இது நிஜமான ஆதாயம். பியானோவின் இடது கைப் பக்கம், பெரிய தாளவாத்தியங்கள், ஆர்கெஸ்ட்ரா எல்லாம் நல்ல டவர் ஸ்பீக்கரில் சிரமமில்லாமல் வருகிற அழகு சிறிய பெட்டியில் வராது. அதை நான் மறுக்கவே மாட்டேன். எனக்கும் டவர் ஸ்பீக்கர்தான் பிடிக்கும்.

ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஒரே மாதிரி இரண்டு கூம்புகள் தெரிந்தால், இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றனவா, அல்லது கீழே உள்ளது தாழ்ந்த ஒலிக்கு மட்டும் துணைக்கு வந்துவிட்டு விலகிக்கொள்கிறதா? பின்னதை இரண்டரை வழி அமைப்பு என்பார்கள். ஒலியைத் தாழ்ந்தது, நடு, உச்சம் என்று மூன்றாகப் பிரித்து, குரலுக்கென்றே தனி மிட்ரேஞ்ச் கூம்பு வைத்த மூன்று வழி அமைப்பில் பேஸ் எவ்வளவு குலுங்கினாலும் குரல் கலங்காது. அதனால் விலை உயர்ந்த வரிசையில் நான் முதலில் தேடுவது அதைத்தான். பெட்டியின் பக்கவாட்டை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று உடனே அடங்க வேண்டும். உள்ளே சட்டங்கள் கொடுத்து இறுக்கிய பெட்டி அப்படித்தான் ஒலிக்கும். 'டம்ம்' என்று இழுத்தால் அந்தப் பெட்டியும் கூடவே பாடப்போகிறது என்று அர்த்தம். துளை பின்பக்கம் இருந்தால் சுவரிலிருந்து தள்ளி வைக்க இடம் வேண்டும். அந்த இடம் உங்களிடம் இல்லை என்றால் துளை முன்பக்கம் உள்ளதையோ துளையே இல்லாத மூடிய பெட்டியையோ பாருங்கள். அறை சிறியது என்றால் என் யோசனை, உயர்தரமான சிறிய ஸ்பீக்கர் ஒரு ஜோடியும், வசதியிருந்தால், பேஸுக்கென்றே தனிப் பெட்டியாக வரும் சப்வூஃபர்கள் இரண்டும். சப்வூஃபரை அறைக்குப் பிடித்த மூலையில் வைக்கலாம், ஸ்பீக்கரைக் குரலுக்குப் பிடித்த இடத்தில் வைக்கலாம். டவர் ஸ்பீக்கரில் அந்தச் சுதந்திரம் கிடையாது. பேஸும் குரலும் ஒரே இடத்தில்தான் நின்றாக வேண்டும்.

வாட்ஸ் விஷயம். ஸ்பீக்கரின் பின்னால் 200 வாட்ஸ் என்று போட்டிருந்தால் அது தாங்கும் அளவு. அவ்வளவு நன்றாக ஒலிக்கும் என்ற உறுதிமொழி அல்ல. பார்க்க வேண்டியது உணர்திறன், அதாவது குறிப்பிட்ட மின்னழுத்தம் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வருகிறது என்ற கணக்கு. அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வழக்கமாக 2.83 வோல்ட் கொடுத்து அளப்பார்கள். மின்தடை 8 ஓம் உள்ள ஸ்பீக்கரில் அது 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கரில் அதே மின்னழுத்தம் 2 வாட் ஆகிவிடும். அங்கேயே 3 டெசிபல் கூடுதலாகத் தெரியும். ஆகவே 90 டெசிபல், 4 ஓம் என்று போட்ட ஸ்பீக்கரும் 87 டெசிபல், 8 ஓம் என்று போட்ட ஸ்பீக்கரும் ஒரு வாட்டுக்கு ஒரே அளவுதான் ஒலிக்கின்றன.

87 டெசிபல் ஸ்பீக்கர் ஜோடி ஒன்றுக்கு 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 1 வாட் கொடுத்தாலே உங்கள் காதுக்கு 80 டெசிபல் வந்துவிடும். நிதானமாகக் கேட்க அது தாராளம். பிறகு எதற்குப் பெரிய ஆம்ப்ளிஃபையர்? பாட்டு ஒரே மட்டத்தில் போவதில்லை. நன்றாகப் பதிவு செய்த இசையில் ஓர் அடி, ஒரு தட்டு, சராசரியைவிட 20 டெசிபல் மேலே எகிறும். 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு சக்தி வேண்டும், 20 டெசிபலுக்கு நூறு மடங்கு. 1 வாட்டில் ஓடிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபையர் அந்தக் கண நேரத்துக்கு 100 வாட் கொடுத்தாக வேண்டும். கொடுக்க முடியாதபோது அலையின் தலை வெட்டப்படுகிறது, ஒலி கரகரக்கிறது, அந்தக் கரகரப்பில் ட்வீட்டர் எரிந்தும் போகலாம். சின்ன ஆம்ப்ளிஃபையரை முழுக்கத் திருகி வைத்துத்தான் வீடுகளில் பல ட்வீட்டர்கள் போகின்றன.

ஓமும் ஒரே எண் அல்ல. அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் அது ஏறி இறங்கும். ஐஇசி 60268-5 என்ற சர்வதேச விதிப்படி, போட்டிருக்கும் எண்ணின் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. 8 ஓம் என்றால் 6.4 ஓமுக்குக் கீழே போகக் கூடாது. விலை உயர்ந்த டவர் ஸ்பீக்கர்களில் சில, 8 என்று போட்டுவிட்டு பேஸ் பகுதியில் 3 ஓம் வரை இறங்குகின்றன. அதைச் சமாளிக்க வலுவான மின்வழங்கி உள்ள ஆம்ப்ளிஃபையர் வேண்டும். கடைக்காரரிடம் "மிகக் குறைந்த ஓம் எவ்வளவு, அது எந்த ஹெர்ட்ஸில் வருகிறது" என்று கேளுங்கள். அதேபோல "30 ஹெர்ட்ஸ் வரை இறங்கும்" என்றால், எத்தனை டெசிபல் குறைந்த நிலையில் என்று கேளுங்கள். 3 டெசிபல் குறைந்து 30 ஹெர்ட்ஸ் என்பதும் 10 டெசிபல் குறைந்து 30 ஹெர்ட்ஸ் என்பதும் வேறு வேறு ஸ்பீக்கர்கள்.

கேட்டுப் பார்ப்பதற்கு வருவோம். எனக்கு இதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் ஒலியளவு. இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று கொஞ்சம் சத்தமாக ஒலித்தாலும் மனது அதைத்தான் நல்லது என்று சொல்லும். சத்தம் கூடியது என்றே தெரியாது. தெளிவு கூடியதாகத் தோன்றும். உணர்திறன் வேறுபடுகிற இரண்டு ஸ்பீக்கர்களை, ஆம்ப்ளிஃபையரின் திருகைத் தொடாமல் மாற்றி மாற்றிக் காட்டினால் அது ஒப்பீடே இல்லை. கைபேசியில் டெசிபல் காட்டுகிற செயலி இருந்தால்கூடப் போதும், உட்காரும் இடத்தில் இரண்டையும் சமமாக வைத்துவிட்டுக் கேளுங்கள்.

அடுத்து, கண். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் வேலை பார்த்த ஃப்ளாய்ட் டூல், 1980களில் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து ஆட்களைக் கேட்கச் செய்தார். எது எதுவென்று தெரியாமல் கேட்டபோது பெரும்பாலோருடைய விருப்பம் ஒரே பக்கம் சாய்ந்தது: நேர் எதிரே சமச்சீராகவும், பக்கவாட்டிலும் மேடு பள்ளம் இல்லாமலும் ஒலிக்கிற ஸ்பீக்கர்கள். பிறகு அவரும் சக ஆய்வாளர் ஷான் ஆலிவும் சேர்ந்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், அதே ஸ்பீக்கர்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டு கேட்டவர்களின் மதிப்பெண்கள் மாறிப்போயின. அளவும் தோற்றமும் பெயரும் காதுக்குள் புகுந்துவிட்டன. ஒலியே தொழிலாக இருந்தவர்களும் இதற்கு விலக்கல்ல. மெருகேற்றிய மரமும் மின்னுகிற கூம்பும் எதிரே நின்றால் என் காதும் கொஞ்சம் இளகும். அதனால் நான் முதல் பாட்டைக் கண்ணை மூடித்தான் கேட்பேன்.

பக்கவாட்டு ஒலி ஏன் முக்கியம்? வீட்டில் நம் காதுக்கு வருவதில் பெரும் பகுதி சுவரிலும் கூரையிலும் பட்டு வருவது. ஸ்பீக்கர் நேரே ஒரு குணத்தோடும் பக்கத்தில் வேறு குணத்தோடும் ஒலித்தால், இரண்டும் கலந்து குரல் இயல்பாக இருக்காது. இதைச் சோதிக்கக் கருவி வேண்டாம். ஒரு குரல் ஓடும்போது எழுந்து பக்கவாட்டில் நாலு எட்டு வையுங்கள். பேசுபவர் அதே ஆளாகத் தெரிய வேண்டும். திடீரென்று வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவதுபோல் மாறினால் அந்த ஸ்பீக்கரை விட்டுவிடுங்கள். கருவி வைத்து அளப்பவர்கள் ஸ்பீக்கரைச் சுற்றிக் கிடையாகவும் செங்குத்தாகவும் 10 பாகைக்கு ஒன்றாக 70 அளவுகள் எடுக்கிறார்கள். 2013இல் இது ஒரு தர விதியாகவே வந்துவிட்டது. அந்த வரைபடத்தை வெளியிடுகிற தயாரிப்பாளரிடம் எனக்குக் கூடுதல் மரியாதை உண்டு.

என்ன போட்டுக் கேட்பது? கடைக்காரர் போடுகிற பாட்டு வேண்டாம். அவருடைய ஸ்பீக்கருக்கு ஒத்துப்போகிற பாட்டாக அது இருக்கும். முதலில் தனிக் குரல், அதுவும் பேச்சு. பாட்டை விடப் பேச்சில் ஏமாற்றுவது கடினம். உங்களுக்குத் தெரிந்தவர் பேசிப் பதிவு செய்தது இருந்தால் இன்னும் நல்லது. 'ச', 'ஸ' எழுத்துகள் சீறுகின்றனவா, நெஞ்சிலிருந்து வருகிற கனம் இருக்கிறதா, உதடும் தொண்டையும் ஒரே ஆளுடையதாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். அடுத்தது தம்பூரா. மீட்டி விட்டால் அந்த நாதத்துக்குள் மேல் சுரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து சுழல வேண்டும். மட்டமான ட்வீட்டரில் அது வெறும் ரீங்காரமாக நின்றுவிடும்.

பிறகு மிருதங்கம். ஒரு ஸ்பீக்கரைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியதில் பாதியை மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் சொல்லிவிடும். சாதாரணமாக ஒரு தோலை இழுத்துக் கட்டி அடித்தால் அதன் மேல் அதிர்வுகள் ஒன்றோடொன்று சுருதி சேராது. மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையின் நடுவில் அப்பியிருக்கும் கருப்பு வட்டம் அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவந்து, தந்தி வாத்தியம்போலச் சுருதியோடு ஒலிக்க வைக்கிறது. சி.வி. ராமன் 1920இலேயே இதை எழுதியிருக்கிறார். இந்த ஒழுங்கை ஸ்பீக்கர் கெடுக்கக் கூடாது. வலந்தலையில் விழுகிற ஒவ்வோர் அடிக்கும் சுருதி தெரிய வேண்டும். வெறும் 'டக்' என்று கேட்டால் மிட்ரேஞ்சில் குறை. இடது முகமான தொப்பியில் கும்கி கொடுக்கும்போது அடி விழுந்து, பிறகு மணிக்கட்டின் அழுத்தத்தில் நாதம் வளைந்து மேலே ஏறும். அந்த வளைவு முழுவதும் ஒரே கனத்தில் கேட்கிறதா? நடுவில் ஓர் இடத்தில் பெருத்து, ஓர் இடத்தில் சுருங்கினால் ஸ்பீக்கரின் துளையோ அறையோ விளையாடுகிறது. வலது கையும் இடது கையும் ஒரே ஆளுடையவை, ஒரே வாத்தியத்தின் மேல் இருக்கின்றன என்று தோன்ற வேண்டும். மூன்று வழி ஸ்பீக்கரில் வூஃபரும் மிட்ரேஞ்சும் சரியாகக் கைகோக்கவில்லை என்றால் இரண்டு பேர் இரண்டு மூலையில் உட்கார்ந்து வாசிப்பதுபோல் இருக்கும். உடனே தெரிந்துவிடும்.

கடைசியில் பியானோவும், நிறையக் கருவிகள் சேர்ந்து ஒலிக்கிற பெரிய இசையும். ஒலியைக் கொஞ்சம் கூட்டுங்கள். கூட்டும்போது இசை பெரிதாக வேண்டுமே தவிர, காதுக்குக் கடுமையாக மாறக் கூடாது. பிறகு நன்றாகக் குறைத்துக் கேளுங்கள். பெரும்பாலான நாட்களில் நீங்கள் கேட்கப்போவது அந்தக் குறைந்த ஒலியில்தான். அப்போதும் குரல் உயிரோடு இருந்தால் அது நல்ல ஸ்பீக்கர்.

இத்தனையும் கடையில் செய்தாலும் பாதிக் கிணறுதான். மீதி உங்கள் அறையில் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து சில நாள் வைத்துக் கேட்க, அல்லது பிடிக்காவிட்டால் திருப்பித் தர, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த ஸ்பீக்கர் விற்பவர் இதற்கு மறுத்தால் நான் அடுத்த கடைக்குப் போகச் சொல்வேன்.

வீட்டுக்கு வந்ததும் இன்னோர் ஆளைத் துணைக்கு வைத்துக்கொண்டு இடம் தேடுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் ஏறக்குறைய ஒரு சமபக்க முக்கோணம் ஆகட்டும். உட்கார்ந்த நிலையில் காது இருக்கிற உயரத்தில் ட்வீட்டர் இருக்க வேண்டும். பின்சுவரிலிருந்தும் பக்கச்சுவரிலிருந்தும் ஒரே தூரம் வேண்டாம், இரண்டு பள்ளமும் ஒரே இடத்தில் விழுந்துவிடும். ஒரு குரலை ஓடவிட்டு, துணையாள் ஸ்பீக்கரை விரல்கடை விரல்கடையாக முன்னால் நகர்த்தட்டும். ஓரிடத்தில் குரலுக்குக் கனம் வந்து, அதே சமயம் பேஸும் தெளியும். அங்கே நிறுத்தித் தரையில் ஒட்டுநாடாவால் குறி போட்டுவிட்டு, மற்றதையும் அதே தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகுதான் உள்பக்கமாகத் திருப்புவது. பாடகர் நடுவில் ஒரு புள்ளியாக நிற்கும் வரை திருப்பி, இசை பரவி ஒலிக்கும் மேடை குறுகிப்போகத் தொடங்கினால் கொஞ்சம் பின்வாங்குங்கள். அடியில் உள்ள கூர்முனைகளைக் கடைசியில் மாட்டுங்கள். முதலிலேயே மாட்டினால் நகர்த்தவும் முடியாது, தரையும் கீறிவிடும். பெட்டி நாலு முனையிலும் ஆடாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

கேபிளுக்கு உங்கள் கட்டுரை கொடுத்த இடம் மிக அதிகம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 5 மீட்டர் தூரத்துக்குப் போய்த் திரும்பினால் அதன் மின்தடை 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன் அது ஒன்றுமே இல்லை. அந்தப் பணத்தில் விரிப்பு வாங்குங்கள். ட்வீட்டர் பட்டுத் துணியா, அலுமினியமா, பெரிலியமா, வைரமா என்ற கேள்வியும் எனக்கு இரண்டாம்பட்சம். 1925இல் அமெரிக்கப் பொறியாளர்கள் ரைஸும் கெல்லாக்கும் செய்து காட்டிய, சுருளும் கூம்பும் சேர்ந்த அதே தத்துவம்தான் இன்றும் பெரும்பாலான ஸ்பீக்கர்களில் ஓடுகிறது. எந்தப் பொருள் என்பதைவிட அதை எப்படிக் கட்டி, எந்த அதிர்வெண்ணில் கிராஸ்ஓவர் போட்டு ஒலியைப் பிரித்து, மற்றதோடு சேர்த்தார்கள் என்பதே பெரிது.

பழைய உயர்தர ஸ்பீக்கர் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. கூம்பின் ஓரத்தில் உள்ள வளையத்தைத் துணியை நீக்கி விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நுரை வளையமாக இருந்தால் வயதாக ஆகப் பொடிந்து உதிரும். ரப்பர் வளையம் நெடுநாள் தாங்கும். நுரை போய்விட்டாலும் வளையத்தை மாற்றிக்கொள்ளலாம், கூம்பும் சுருளும் நன்றாக இருந்தால் போதும். உள்ளங்கையை விரித்துக் கூம்பை இரு பக்கமும் சமமாக அழுத்திப் பாருங்கள். உள்ளே உரசும் சத்தம் வந்தால் சுருள் கோணிவிட்டது. அதை வாங்க வேண்டாம்.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை ஸ்பீக்கரைப் பற்றி எழுதும்போது, எந்த அளவு அறையில் கேட்டீர்கள், சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்தீர்கள், எந்த ஆம்ப்ளிஃபையர், எந்தெந்த இசை என்று ஒரு சிறு பெட்டியில் போடுங்கள். உணர்திறனை எத்தனை வோல்ட்டில் அளந்தது என்றும், மிகக் குறைந்த ஓம் எவ்வளவு என்றும் தயாரிப்பாளரிடம் கேட்டு அச்சிடுங்கள். கேட்டும் தரவில்லை என்றால் 'தரவில்லை' என்றே அச்சிடுங்கள். ஒப்பிட்டுக் கேட்டிருந்தால் ஒலியளவைச் சமப்படுத்தினீர்களா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறேழு வரிக்கு மேல் ஆகாது. கேபிளுக்குக் கொடுத்த அந்தக் கால் பக்கம் இதற்குத் தாராளமாகப் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒலிப்பதிவாளர் ஒருவர்